அமெரிக்காவில் ஓடுகிறார்கள், இங்கிலாந்தில் நிற்கிறார்கள்

அமெரிக்காவில் ஒருவர் ஜனாதிபதி பதவிக்கு ஓடுகிறார். இங்கிலாந்தில் ஒருவர் பார்லிமென்டுக்கு நிற்கிறார். மொழி ஒன்றுதான், விஷயமும் ஒன்றுதான், தேர்தல். அவர்கள் 'ரன்' என்கிறார்கள், இவர்கள் 'ஸ்டாண்ட்' என்கிறார்கள். நம் பக்கம் கேட்கவே வேண்டாம். "இந்தத் தடவை நம்ம தொகுதியில யாரு நிக்கிறா?" தெருத்தெருவாக அலைந்து கால் வீங்கிப்போன வேட்பாளரையும் நாம் 'நிற்கிறார்' என்றுதான் சொல்கிறோம்.

நாம் நிற்பது பிரிட்டிஷ்காரர்களிடமிருந்து ஒட்டிக்கொண்டதாக இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். இந்த மாதிரித் தேர்தலே அவர்கள் வழியாக வந்ததுதானே (உத்திரமேரூர்க் குடவோலை அபிமானிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அது வேறு ரகம்). அங்கே 1872இல் ரகசிய வாக்கெடுப்புச் சட்டம் வரும்வரை, வேட்பாளர்கள் 'ஹஸ்டிங்ஸ்' என்ற மேடையில் ஏறி ஊர்முன்னால் நிஜமாகவே நிற்பார்கள். வாக்காளரும் எல்லார் காதிலும் விழும்படி, தன் ஓட்டு யாருக்கு என்று சொல்லியாக வேண்டும்.

அமெரிக்கத் தேர்தல் பேச்சு குதிரைப் பந்தயத்தில் ஊறியது. துணை ஜனாதிபதி வேட்பாளரை 'ரன்னிங் மேட்' என்கிறார்களே, அது முதலில் குதிரைக்கு இருந்த பெயர். ஒரே லாயத்துக் குதிரைகள் இரண்டு பந்தயத்தில் இறங்கும்போது, ஜெயிக்க வேண்டிய குதிரைக்கு வேகம் பிடித்துக்கொடுக்க ஓடுகிற இன்னொன்று. 'டார்க் ஹார்ஸ்', 'ஃப்ரன்ட் ரன்னர்' எல்லாம் அதே மைதானம். பந்தய முடிவைப் போடும் பத்திரிகைகள் முதல் சில இடங்களை விவரமாகப் போட்டுவிட்டு, மிச்சக் குதிரைகளை 'இவையும் ஓடின' என்று ஒரே வரியில் தள்ளிவிடும். தோற்றுப்போன வேட்பாளருக்கும் அதுவே பெயராகிவிட்டது, 'ஆல்சோ ரேன்'. நம்மூரில் அதற்கு 'டெபாசிட் போச்சு' இருக்கிறது. இன்னும் கொஞ்சம் வலிக்கும்.

எனக்கு இதிலெல்லாம் என்ன அக்கறை என்றால், ஆங்கிலத் தொடர்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுவது என் பிழைப்பு. திரைக்கு அடியில் இரண்டு வரி. பார்க்கிறவர் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். பெரிய பெரிய வார்த்தைகள் என்னை ஒருநாளும் படுத்தியதில்லை. 'போட்டோசிந்தசிஸ்' வந்தால் ஒளிச்சேர்க்கை, முடிந்தது. படுத்துவதெல்லாம் எல்.கே.ஜி.யில் சொல்லிக்கொடுக்கிற குட்டி வினைச்சொற்கள்தான். அதிலும் 'ரன்' மாதிரி ஒன்று கிடையாது.

ஒரே எபிசோடில் குழந்தைக்கு டெம்பரேச்சர் 'ரன்' ஆகும். அம்மா குளியல் தொட்டிக்குத் தண்ணீரை 'ரன்' பண்ணுவாள். அப்பா ஒரு கம்பெனியை 'ரன்' பண்ணுவார். வில்லன் எல்லை தாண்டித் துப்பாக்கிகளை 'ரன்' பண்ணுவான். போலீஸ்காரர் ஒருவர் கார் நம்பரை 'ரன்' பண்ணச் சொல்லுவார். மறுநாள் பேப்பர் அந்தச் செய்தியை 'ரன்' பண்ணும். எபிசோடு முழுக்க ஒருத்தரும் ஓடியிருக்க மாட்டார்கள். தமிழில் காய்ச்சல் அடிக்கிறது, தண்ணீரைத் திறந்துவிடுகிறோம், கம்பெனியை நடத்துகிறோம், துப்பாக்கியைக் கடத்துகிறோம், நம்பரைச் சரிபார்க்கிறோம், செய்தியைப் போடுகிறோம். ஒன்றில்கூட 'ஓடு' வரவில்லை.

இந்தச் சொல்லைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது அந்த 645 என்ற எண்ணை எடுத்துவிடுவார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் மூன்றாம் பதிப்புக்காகப் பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளர் இந்த ஒரு வினைச்சொல்லோடு ஒன்பது மாதத்துக்கு மேல் மல்லுக்கட்டி, 645 பொருள்களைப் பிரித்து வைத்தார். 2011இல் எழுத்தாளர் சைமன் வின்செஸ்டர் நியூயார்க் டைம்ஸில் இதை எழுதியபோது உலகம் முழுக்கப் பரவியது. அதற்கு முன்னால் அதிகப் பொருள் கொண்ட சொல் என்ற பட்டம் 'செட்' என்ற சொல்லிடம் இருந்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 பொருள், விளக்கம் மட்டும் ஏறக்குறைய 60,000 சொற்கள். ஒரு நாவல் அளவு.

கில்லிவரின் பொறுமைக்குக் கும்பிடு. அந்த எண்ணின்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை. பஸ் ஓடுகிறது, ரயில் ஓடுகிறது, லிஃப்ட் ஓடுகிறது என்றால் அது ஒரு பொருளா, மூன்று பொருளா? பிரிக்கிறவர் கையில் இருக்கிறது. கத்தி கூராக இருந்தால் ஆயிரம் துண்டும் போடலாம். சாமுவேல் ஜான்சன் 1755இல் தன் அகராதியைக் கொண்டுவந்தபோதே முன்னுரையில் இந்த வகை வினைச்சொற்களைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். தம் உழைப்பைக் கூட்டிவிட்ட சொற்களை வரிசையாக அடுக்குகிறார், அதில் 'ரன்' இருக்கிறது. மூலப் பொருளிலிருந்து எங்கெங்கோ திரும்பிப்போனவை இவை, தடம் பிடிப்பது கஷ்டம் என்பது அவர் குறை.

அந்த 'மூலப் பொருள்' என்பதில்தான் எனக்குத் தகராறு.

பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் பாடத்தில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்? ஒரு பையன் படம், அவன் காலால் ஓடுகிறான். அதுதான் நேர்ப்பொருள். ஆறு ஓடுவது, மூக்கு ஓடுவது, மோட்டார் ஓடுவது எல்லாம் அதிலிருந்து கிளம்பிய உருவகம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சொல்லின் பழைய ஜாதகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'ரின்னன்' என்றொரு வினை இருந்தது. ஆள் ஓடுவதற்கும் அது பொருந்தும், தண்ணீர் ஓடுவதற்கும் பொருந்தும். இதன் பங்காளி இன்றும் ஜெர்மனில் உயிரோடு இருக்கிறான். அங்கே 'ரின்னன்' என்றால் நீர் வழிவது, கசிவது. மனிதர் ஓடுவதற்குத் தனியாக 'ரென்னன்' வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டும் கலந்து ஒரே 'ரன்' ஆகிவிட்டது. அப்புறம் எது மூலம், எது உருவகம்? மூக்கு 'ரன்' ஆவதைப் பையனின் கால்களிலிருந்து கிளம்பிய கற்பனை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. தண்ணீரைச் சொல்லவும் அந்தச் சொல் ஆதியிலேயே இருந்தது.

பாலாடைக்கட்டி செய்யப் பாலில் விடுகிற உறைப்பொருளுக்கு ஆங்கிலத்தில் 'ரென்னெட்' என்று பெயர். அதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். பால் ஒன்றாக ஓடிச் சேர்ந்து கட்டியாவதாக யோசித்திருக்கிறார்கள்.

தண்ணீர்ப் பொருள் இடப் பெயர்களிலும் தங்கிவிட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை 1861 ஜூலை 21 அன்று வர்ஜீனியாவில் நடந்தது. வடக்கத்திக்காரர்கள் வைத்த பெயர் 'புல் ரன்' சண்டை. முதன்முதலில் படிக்கிற நம்மவர் யாரும் ஸ்பெயின் நாட்டுத் தெருக்களில் காளைகளை ஓடவிடுகிற திருவிழாவைத்தான் நினைப்பார்கள். அங்கே காளை எதுவும் ஓடவில்லை. 'புல் ரன்' என்பது அந்தச் சண்டை நடந்த இடத்து ஓடையின் பெயர். அந்தப் பகுதியில் 'ரன்' என்றாலே ஓடை. தமிழில் 'ஓடு'வும் 'ஓடை'யும் ஒட்டி நிற்பதைப் போலத்தான். சண்டையில் தோற்ற வடக்குப் படை வாஷிங்டனை நோக்கித் தலைதெறிக்க ஓடியது. வேடிக்கை பார்க்கக் கூடை நிறையச் சாப்பாடு கட்டிக்கொண்டு வண்டியில் வந்திருந்த வாஷிங்டன் பெரிய மனிதர்களும் சேர்ந்தே ஓடினார்கள். பெயர் பொருத்தம் இப்படியும் சில சமயம் அமையும்.

சப்டைட்டில்காரனுக்கு இதைவிட முக்கியமான சங்கதி இன்னொன்று. பழைய ஆங்கிலத்தில் ஓடுவதற்கு ஒரு வினையும் ஓடவைப்பதற்கு ஒரு வினையும் தனித்தனியே இருந்தன. தமிழுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஓடு, ஓட்டு. ஆடு, ஆட்டு. நட, நடத்து. தானே செய்வது ஒன்று, செய்யவைப்பது ஒன்று. ஆங்கிலம் காலப்போக்கில் அந்த ஜோடியைத் தொலைத்தது. இரண்டும் 'ரன்'தான். 'ஓட்டு' என்ற சொல் தமிழிலிருந்து காணாமல் போய், 'நான் பஸ்ஸை ஓடுகிறேன்' என்று நாம் சொல்ல ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? அவர்கள் அந்த நிலையில்தான் பல நூறு வருஷமாகச் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

அந்த 645இல் பெரும்பகுதி இந்தக் குழப்பத்தின் வாரிசு என்பது என் கட்சி. குதிரையை ஓடவைத்தார்கள். அப்புறம் ஆலையை, ரயிலை, அச்சு யந்திரத்தை ஓடவைத்தார்கள். வின்செஸ்டரும் இந்தச் சொல் இவ்வளவு வீங்கியதற்கு யந்திர யுகத்தைத்தான் காரணம் காட்டுகிறார். யந்திரத்தை ஓடவைக்கிறவர் தொழிற்சாலையை ஓடவைக்கிறவர் ஆனார், 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அதிலிருந்து கடை, ஹோட்டல், பத்திரிகை, ஊர் வரைக்கும் போயிற்று. கடைசியில் கம்ப்யூட்டர். 1964 மே 1 அன்று டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் உருவாக்கிய பேசிக் மொழியின் முதல் நிரல் வேலை செய்தது. அதில் நிரலை எழுதிவிட்டு 'ரன்' என்று தட்டினால் போதும். இன்றைக்கு நம்மூர் ஐ.டி. பிள்ளைகள் "ரன் பண்ணிப் பாருடா, ஓடுதான்னு" என்று ஒரே மூச்சில் இரண்டு மொழியிலும் சொல்கிறார்கள். ஓடவைப்பதற்கு ஆங்கிலம், ஓடுவதற்குத் தமிழ். பழைய ஆங்கிலம் தொலைத்த ஜோடியை ஏதோ ஒரு ரூபத்தில் இவர்கள் மீட்டுவிட்டார்கள்.

ரயில் வந்தபோது, அதை ஓடவைப்பதை எப்படிச் சொல்வது என்ற கேள்வி தமிழுக்கும் வந்திருக்கும். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ரயில் விட்டார்கள். பார்த்தீர்களா, 'விட்டார்கள்' என்று எனக்கே தன்னால் வருகிறது. ரயில் விடுவோம், பஸ் விடுவோம், கப்பல் விடுவோம், பட்டம் விடுவோம். அது பாட்டுக்கு ஓடும். உள்ளே உட்கார்ந்து பிடித்து ஓட்டுவது டிரைவர் வேலை.

கடைக்கு வருவோம். ஆங்கிலத்தில் கடையை ஓடவைக்கிறார்கள், நாம் கடையை நடக்கவைக்கிறோம். பள்ளிக்கூடம் நடத்துகிறோம், கூட்டம் நடத்துகிறோம், குடும்பம் நடத்துகிறோம், ஆட்சி நடத்துகிறோம். ஆங்கிலம் ஓடுகிற இடத்தில் எல்லாம் தமிழ் நிதானமாக நடக்கிறது. 'ஓட்டு' எங்கே வருகிறது? கைவசம் ஒன்றுமில்லாமல் சமாளிக்கும்போது. "ஏதோ காலத்தை ஓட்டிக்கிட்டு இருக்கேன்." கடையை நடத்துகிறார் என்றால் முதலாளிக்கு மரியாதை. கடையை ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்றால் நாளைக்கே ஷட்டர் இறங்கலாம். ஆகவே 'ஷீ ரன்ஸ் திஸ் டவுன்' என்று ஒரு தாதா அம்மாளைப் பற்றி வசனம் வந்தால் நான் 'ஓட்டு' பக்கமே போவதில்லை. 'இந்த ஊரே அந்தம்மா கையில' என்று போடுவேன். வினைச்சொல்லே இல்லை, ஆனாலும் அந்தம்மா யார் என்று புரிந்துவிடும்.

நம் பஸ்ஸில் இந்த இரண்டு வினையும் ஆளுக்கொரு சீட் பிடித்து உட்கார்ந்திருக்கின்றன. முன்னால் ஓட்டுநர், பின்னால் நடத்துநர். ஆங்கிலக் கண்ணோடு யாராவது பார்த்தால், ஒரே வண்டியை ஒருத்தர் ஓடவைக்கிறார், இன்னொருத்தர் நடக்கவைக்கிறார், அப்புறம் எப்படி இது நேரத்துக்குப் போய்ச்சேரும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

அதற்காகத் தமிழ் 'ஓடு' ஒன்றும் கால் கட்டிப்போட்ட சொல் அல்ல. படம் நூறு நாள் ஓடும். ஃபேன் ஓடும். மனசுக்குள் ஏதேதோ ஓடும். பதற்றத்தில் கையும் ஓடாது காலும் ஓடாது (கை எப்போது ஓடியது என்று யாரும் கேட்பதில்லை). கோயில் தேர் புதிதாகச் செய்தால் திருவிழாவுக்கு முன்னால் சும்மா ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்கள், அது வெள்ளோட்டம். ஆங்கிலத்தில் 'ட்ரையல் ரன்'. அதற்கு இதைவிடப் பொருத்தமான சப்டைட்டில் எனக்கு இன்றுவரை கிடைத்ததில்லை. ராக்கெட் விடுகிற காட்சியில்கூடத் தேர்ச் சக்கரத்தைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். கண்ணோட்டம் என்றொரு சொல். இன்றைக்கு அதற்குப் பார்வைக் கோணம் என்று பொருள். திருக்குறளில் அது 58ஆம் அதிகாரத்தின் பெயர், அங்கே அதற்கு இரக்கம் என்று பொருள். கண் ஓடிப்போய் இன்னொருவர்மேல் தங்குவதை இரக்கம் என்று எடுத்துக்கொண்ட மொழி, ஆங்கிலத்தைப் பார்த்து 'இதென்ன ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள்' என்று அலுத்துக்கொள்ள முடியாது.

அசையாத பொருள்கள் ஓடுவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த வகை. ஆங்கிலத்தில் சாலை ஊரிலிருந்து ஊருக்கு 'ரன்' ஆகும், வேலி ஆற்றோரமாக 'ரன்' ஆகும். தமிழில் சுவரில் விரிசல் ஓடியிருக்கும், ஆலமரத்து வேர் வீட்டுக்கு அடியில் ஓடியிருக்கும். எதுவும் இடத்தைவிட்டு நகரவில்லை. லெனர்ட் டால்மி என்ற மொழியியலாளர் இதைக் கற்பனை நகர்வு என்ற வகையில் சேர்த்தார். இது வெறும் பேச்சு வழக்கா, மனசுக்குள் நிஜமாகவே ஏதாவது நகர்கிறதா என்று டீனி மேட்லாக் என்ற ஆய்வாளர் சோதித்துப் பார்த்து 2004இல் வெளியிட்டார். ஒருவர் பாலைவனத்தை வேகமாகக் கடக்கிற கதையைச் சிலருக்குக் கொடுத்தார், மெதுவாகக் கடக்கிற கதையை வேறு சிலருக்கு. பிறகு சாலை பாலைவனத்தைக் கடக்கிறது என்பது மாதிரி ஒரு வாக்கியம். மெதுவான கதையைப் படித்தவர்களுக்கு அந்த வாக்கியத்தைப் புரிந்துகொள்ளவும் அதிக நேரம் பிடித்தது. சாலை பாலைவனத்தில் இருக்கிறது என்று நகர்வே இல்லாத வாக்கியம் கொடுத்தால் அந்த வித்தியாசம் வரவில்லை. சாலை ஓடுகிறது என்று படிக்கும்போது நாமும் உள்ளுக்குள் கொஞ்சம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறோம் போலிருக்கிறது.

இந்த ஆராய்ச்சியெல்லாம் நம்மூர் மேஸ்திரிக்குத் தேவைப்படவில்லை. காம்பவுண்டு சுவர் எழுப்பவோ கிரில் போடவோ கூலி பேசினால் 'ரன்னிங் ஃபீட்டுக்கு இவ்வளவு' என்றுதான் சொல்வார். சுவர் எங்கே ஓடப்போகிறது? ஓடினால் அவரைத்தான் கூப்பிட வேண்டும். ஆனால் நீளத்தை அளக்கிறவர் சுவரோடு சுவராகக் கண்ணை ஓட்டித்தானே அளக்கிறார்.

உருவகம் போல இருந்துகொண்டு ஒருகாலத்தில் ரத்தமும் சதையுமாக நடந்தவையும் இருக்கின்றன. எல்லாரும் கரித்துக்கொட்ட நடுவில் மாட்டிக்கொள்வதை 'ரன் த காண்ட்லெட்' என்பார்கள். 'காண்ட்லெட்' என்றால் இரும்புக் கையுறை என்று அகராதியில் பார்த்துவிட்டு மண்டையை உடைத்துக்கொண்ட மொழிபெயர்ப்பாளர்கள் உண்டு. கையுறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'கட்லோப்' என்ற ஸ்வீடிஷ் சொல் ஆங்கில வாயில் சிதைந்து, ஏற்கெனவே இருந்த கையுறையின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அது ஒரு ராணுவ தண்டனை. எதிரெதிராக இரண்டு வரிசை வீரர்கள் பிரம்போடு நிற்பார்கள், குற்றவாளி நடுவே ஓட வேண்டும், இரண்டு பக்கமும் அடி விழும். அந்தப் பெயரின் பின்பாதிக்கே ஓட்டம் என்றுதான் அர்த்தம். ஆகவே ஆங்கிலத்தில் பாவப்பட்டவன் இரண்டு தடவை ஓடுகிறான்.

கிரிக்கெட்டில் நேர்மாறு. ரன் என்றால் இரண்டு ஸ்டம்புக்கும் நடுவில் ஓடுவது, சந்தேகமில்லை. ஆனால் பவுண்டரிக்கு விரட்டிவிட்டு, நின்ற இடத்தில் நின்றபடி மட்டையில் ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறவர் கணக்கிலும் 4 ரன் சேர்கிறது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் இதை 'ஓட்டங்கள்' என்றே மொழிபெயர்த்துவிட்டன. ஆறு ஓட்டங்கள், ஓடாமல். சென்னைப் பத்திரிகைகள் ரன் என்றே வைத்துக்கொண்டன. எனக்கு இலங்கைக்காரர்கள் செய்ததுதான் பிடிக்கும். சொல்லை எடுத்தால் அதன் அபத்தத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும், அவர்கள் கஞ்சத்தனம் பண்ணவில்லை.

வயிற்றுப் பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் வயிற்றுப்போக்குக்குச் செல்லப் பெயர் 'த ரன்ஸ்'. நம்மூரில் வயிறு ஓடுவதில்லை, போகிறது. யார் ஓடுகிறார்கள் என்பது நோயாளிக்குத் தெரியும்.

இத்தனைக்கும் நடுவில் தமிழ்நாடு இந்தச் சொல்லை எடுத்துத் தன் இஷ்டத்துக்கு வளைத்தும் வைத்திருக்கிறது. பழைய வண்டியை விற்கிறவர் 'நல்ல ரன்னிங் கண்டிஷன்' என்பார், அதற்கு என்ன அர்த்தம் என்று வாங்கினவருக்கு மழை நாளில் தெரியும். பஸ் நிற்பதற்கு முன்னாலேயே குதிக்கிறதற்கு 'ரன்னிங்ல இறங்குறது' என்று பெயர். இங்கிலாந்தில் யாரிடம் சொன்னாலும் விளங்காது, காலையில் ஜாகிங் போகிறவர் எதிலிருந்து இறங்குகிறார் என்று யோசிப்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் 645இல் இதற்கு இடம் கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். படிக்கட்டில் ஒரு காலும் ரோட்டில் ஒரு காலுமாகத் தொங்குகிற காலேஜ் பையனைப் பார்த்து நடத்துநர் "தம்பி, ரன்னிங்ல இறங்காதப்பா" என்று கத்துகிறாரே, அந்த வசனம் என்றைக்காவது ஒரு தமிழ்ப் படத்தில் வந்து, அதற்கு ஆங்கிலத்தில் சப்டைட்டில் போடச் சொன்னால் என்ன எழுதுவது என்றுதான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு வரிக்குள் முடிய வேண்டும். பையன் அதற்குள் இறங்கிவிடுவான்.